நிழலின் பங்கீடு

தில்லி பசுமை மிகுந்த நகரம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கையும், தில்லி நிலப்பரப்பில் சுமார் 25 விழுக்காடு காடும் மரமுமாக இருப்பதாகக் கூறுகிறது. ஆனால் இது சராசரிக் கணக்கு. சராசரியின் நிழலில் எவரும் ஒதுங்க முடியாது. அம்மரங்கள் எங்கே நிற்கின்றன என்பதைச் சற்று ஆராய்வோம்.

1911-இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. 1931-இல் புது தில்லி திறந்துவைக்கப்பட்டது. சாலைகளுக்குத் திட்டம் வகுத்தபோதே மரங்களுக்கும் இடம் ஒதுக்கினர். வேம்பு, நாவல், புளி, மருது எனச் சாலைதோறும் இனம் தேர்ந்து நட்டனர். அகன்ற பாதையோரமும் பங்களாத் தோட்டங்களும் வேருக்கு மண் தந்தன.

இனி யமுனையைக் கடந்து சீலம்பூர்ப் பக்கம் செல்வோம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி, அப்பகுதி அடங்கிய வடகிழக்கு மாவட்டத்தில் ஒரு சதுரக் கிலோமீட்டரில் 36,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர். புது தில்லி மாவட்டத்திலோ சுமார் 4,000 பேரே. சுவரோடு சுவர் ஒட்டிய சந்துகளில் மரம் எங்கே வேர் ஊன்றும்? ஆக, நிலம் பங்கிடப்பட்ட விதமே நிழலும் பங்கிடப்பட்டுள்ளது.

நெருக்கமான ஊரில் மரம் வளராது என்பாரும் உளர். ஷாஜஹான் எழுப்பிய பழைய தில்லியில், சாந்தினி சௌக்கின் நடுவே ஒரு காலத்தில் கால்வாய் ஓடியது. அதன் கரையில் மரங்கள் நின்றன. இடம் விட்டால் மரம் வளரும் என்பதற்கு அதுவே சான்று.

இதனால் விளையும் இடர் யாது? செங்கல்லும் சிமென்டும் பகலில் வெயிலை உள்வாங்கி, இரவில் மெல்ல வெளிவிடும். மரம் அவ்வெயிலைத் தடுக்கிறது. மேலும், இலைகளிலிருந்து ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் செலவாகிறது. மரமற்ற சந்தில் இவ்விரு உதவியும் இல்லை. பகலெல்லாம் கூலி வேலை செய்து திரும்புவோர்க்கு இரவிலும் நல்லுறக்கம் கிட்டுவதில்லை.

பரிகாரம் உண்டு. ஓரிடத்தில் வெட்டிய மரத்துக்கு ஈடாகத் தொலைவில் கன்று நட்டால், வெட்டிய தெருவில் நிழல் விழாது. தேவைப்படும் தெருவிலேயே நட வேண்டும். பள்ளி வளாகங்களும் வாய்க்கால் ஓரங்களும் அதற்கு ஏற்றவை. இருக்கும் மரங்களையும் காக்க வேண்டும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமென்டை அகற்றுமாறு 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது.

நகர்க் காடுகளை ஆராயும் கோனைனென்டைக் என்ற அறிஞர் 2021-இல் எளிய அளவுகோல் ஒன்று தந்தார். வீட்டிலிருந்து 3 மரங்கள் தெரிய வேண்டும். வட்டாரத்தில் 30 விழுக்காடு மரநிழல் வேண்டும். 300 மீட்டருக்குள் பூங்கா வேண்டும்.

நண்பர்களே, நம் விடுதிச் சன்னலைத் திறந்தால் மூன்றுக்கு மேல் தெரிகின்றன. நமக்குச் சமைத்துப் போடுபவர் வீட்டு வாசலிலிருந்து எத்தனை தெரியும்? இன்றே அவரைக் கேட்டுப் பாருங்கள்; நம் ஆராய்ச்சி அங்கே தொடங்கட்டும்.