அப்ரண்டிஸுக்கு நஷ்டஈடு கிடையாதா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. ஐடிஐயில் ஃபிட்டர் முடித்துவிட்டு, ஒரு பிரஸ் ஷாப்பில் எட்டு மாதமாக ‘அப்ரண்டிஸ்’. பீஸ் கணக்கில்தான் காசு. பல நாள் பன்னிரண்டு மணி நேர வேலை. போன மாதம் மிஷினில் ஆள்காட்டி விரல் நுனி போய்விட்டது. ஆஸ்பத்திரி பில்லை மட்டும் கட்டினார்கள். ‘பயிற்சிக்கு வந்தவன் தொழிலாளி இல்லை, நஷ்டஈடு வராது’ என்கிறார் மேனேஜர். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டும் அவர்களிடமே இருக்கிறது. என்ன செய்வது?
- வாசகி, கோவை

பதில்: மேனேஜர் சொன்னதில் பாதி உண்மை, அம்மா. தொழில் பழகுநர் சட்டம், 1961-ன் 18-வது பிரிவு, பழகுநர் தொழிலாளி அல்ல என்றுதான் சொல்கிறது. ஆனால் பயிற்சி வேலையால் காயம்பட்டால் தொழிலாளிக்குரிய முறையிலேயே முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்கிறது 16-வது பிரிவு. அந்தப் பக்கத்தை அவர் புரட்டவில்லை போலும்.

பழகுநர் ஒப்பந்தம் முறைப்படி பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மத்திய அரசின் பழகுநர் இணையதளத்தில் மகனின் பெயரில் அது இருக்க வேண்டும். சேரும்போது ஏதோ தாளில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அது பதிவு ஆகாது.

பதிவு இருந்தால், பீஸ் கணக்கில் பணம் கொடுத்ததே 13-வது பிரிவுக்கு விரோதம். மாத உதவித்தொகைதான் தர வேண்டும். 2019-ல் திருத்திய விதியிலேயே ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்சம் 7,000 ரூபாய். அரசின் பழகுநர் ஆலோசகரின் அனுமதியில்லாமல் ஓவர்டைமும் வாங்கக் கூடாது.

பதிவு இல்லையா? அப்படியானால் 18-வது பிரிவின் நிழலில் கம்பெனி ஒதுங்குவது கடினம். பெயர்தான் அப்ரண்டிஸ், செய்தது உற்பத்தி வேலை என்று வாதாடலாம். குறைந்தபட்ச ஊதியம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் கேள்விக்கு வரும். தொழிலாளியாக வேலை வாங்கிவிட்டு, பழகுநர் என்று கை விரிப்பது கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை கதைதான்.

இனி விரல். நுனி போனதில் எலும்பும் போனதா என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். இழப்பீட்டு அட்டவணையில் ஆள்காட்டி விரலின் ஒரு கணு போனால் சம்பாதிக்கும் திறனில் 9 சதவீத இழப்பு. எலும்பு போகாமல் நுனி மட்டும் துண்டானால் 5 சதவீதம். இந்த ஒரு வரியில் தொகை கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘கதவில் நசுங்கியது’ என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படிச் சொல்லச் சொல்வது சில பட்டறைகளில் வழக்கம். அப்படியிருந்தால், கூட வேலை பார்த்த பையன்கள், ஃபோனில் வந்த மெசேஜ், வங்கிக் கணக்கில் விழுந்த காசு இவைதான் உங்களுக்குச் சாட்சி.

சர்டிஃபிகேட்டைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. திருப்பிக் கேட்டு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். பீஸ் கணக்கு, ஓவர்டைம் பற்றிய புகார் பழகுநர் ஆலோசகருக்குப் போக வேண்டும். இழப்பீட்டு மனு தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையருக்கு. விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதற்குள் ‘எல்லாம் பெற்றுக்கொண்டேன்’ என்று ஐயாயிரமோ பத்தாயிரமோ நீட்டி ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துக் கேட்பார்கள். கையெழுத்துப் போட வேண்டாம் என்று மகனிடம் சொல்லி வையுங்கள்.