மனை கோலுதலும் மரம் காத்தலும்

இல்லறத்தார் வீடு கட்டாமல் வாழ இயலாது. நிலம் அகழ்தலும், நீர் இறைத்தலும், மரம் அறுத்தலும் அதனுடன் வருவன. இவை கொல்லாமை விரதத்திற்கு மாறாகாவோ என்னும் ஐயம், மனை வாங்கிய அன்பர் பலர்க்கும் எழக்கூடியது. அதனை மதுரை நகரை முன்வைத்து ஈண்டு ஆராய்வோம்.

நால்வகை ஹிம்சை

நம் ஆசாரியர்கள் ஹிம்சையை நான்காகப் பகுத்தனர். கொல்லும் எண்ணத்தோடு செய்வது சங்கல்பி. சமைத்தல், மனை எடுத்தல் முதலிய இல்லறச் செயல்களில் நேர்வது ஆரம்பி. உழவு, வாணிகம் முதலியவற்றில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. அணுவிரதம் பூண்ட சாவகர் முதலாவதை முற்றும் விடுவர். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைப்பர். ஆகவே வீடு கட்டுதல் விலக்கப்பட்டதன்று.

ஆயினும் அநர்த்த தண்டம் விடுதல் என்னும் குணவிரதமும் சாவகர்க்கு உண்டு. பயனின்றிச் செய்யும் தீங்கை ஒழித்தலே அது. வேண்டாது நிலத்தைக் கிளறுதலும் செடி மரங்களை அறுத்தலும் அதனுள் அடங்கும் என சமந்தபத்திரர் தம் இரத்தின கரண்டகத்தில் விளக்கினார். அந்நூற்பொருளைத் தமிழில் தந்தது அருங்கலச்செப்பு. சுவரை நான்கடி தள்ளி எழுப்பினால் பிழைத்திருக்கும் வேம்பை, வரைபடத்தை மாற்றச் சோம்பி வெட்டினால், அச்செயல் ஆரம்பியின் எல்லையைக் கடந்து அநர்த்த தண்டமாகிறது.

ஒரு மரத்தில் ஐவகை உயிர்

மரம் ஓரறிவுயிர்தானே என்று சிலர் எண்ணுவர். முதிர்ந்த ஓர் ஆலமரத்தை உற்று நோக்குவோம். அதன் ஈர மண்ணில் ஈரறிவுடைய புழு உள்ளது. பட்டையில் மூவறிவுடைய எறும்பு ஊர்கிறது. பூச்சியும் வண்டும் நாலறிவின. கிளியும் மைனாவும் பொந்தில் குஞ்சு பொரிக்கின்றன, அணிலும் ஆந்தையும் தங்குகின்றன, அவை ஐயறிவின. ஒரு மரத்தை வீழ்த்துங்கால் ஐவகை உயிர்களின் இல்லமும் வீழ்கிறது. ஈடாகப் பத்துக் கன்றுகள் நட்டாலும், அவற்றில் பொந்து தோன்றப் பல்லாண்டு செல்லும். இன்று வீடிழந்த பறவைக்கு அது உதவாது.

மதுரை காட்டும் பாடம்

கடம்பவனத்தைத் திருத்தி எழுந்தது மதுரை என்பது புராண மரபு. நகரைச் சூழ்ந்த சமவெளியில் கண்மாய்களும், அவற்றின் கரைமரங்களும், நீர்ப்பறவைகளும் நிறைந்திருந்தன. நகரம் விரிய விரியக் கண்மாய்கள் மனைகளாயின. தல்லாகுளம் என்பது இன்று நகரப் பகுதி ஒன்றன் பெயர். 2004இல் திறக்கப்பெற்ற உயர்நீதிமன்றக் கிளை, உலகநேரிக் கண்மாய்ப் பரப்பில் எழுந்ததாகும். கண்மாய் தூர்ந்தால் கரைமரத்துக் கூடுகளும் இல்லையாகும்.

இதற்கு மாறான காட்சியும் அருகிலேயே உள்ளது. மேலூர் வட்டத்து அரிட்டாபட்டிக் குன்றில், ஏறத்தாழ 2,200 ஆண்டுப் பழமையுடைய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், நம் முனிவர்தம் கற்படுக்கைகளும் உள. அக்குன்றுகளிலும் சுற்றுப்புறத்திலும் ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் காணப்படுகின்றன. தேவாங்கும் எறும்புதின்னியும் வாழ்கின்றன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களின் 193.42 ஹெக்டேர் பரப்பு, தமிழகத்தின் முதற் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பெற்றது. 2024இல் அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் விடப்பட்டபோது ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 ஜனவரி 23 அன்று மைய அரசு அவ்வேலத்தை நீக்கியது. முனிவர் தவமிருந்த குன்றையும் அங்குள்ள பறவைகளையும் அன்று காத்து நின்றோர் உழவர்களே. அவ்வூரார் ஒரு குன்றுக்குச் செய்ததை நாம் ஒரு மரத்திற்கேனும் செய்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கன

அரசு நிலத்து மரங்களை வெட்டப் பசுமைக் குழுவின் இசைவு வேண்டும் என 2021இல் தமிழக அரசு விதித்தது. நம் மனையில் நிற்கும் மரத்தைப் பெரும்பாலும் நம் விரதமே காக்க வேண்டும்.

முதலாவது, வரைபடம் போடுமுன் மனையிலுள்ள மரங்களை அதில் குறித்துப் பொறியாளரிடம் தருக.

இரண்டாவது, உணவுறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் இரண்டடி ஆழத்திற்குள் பரவி, கிளை நிழலுக்கு அப்பாலும் செல்வன. ஆகவே அந்நிழலைச் சுற்றி வேலியிட்டு, செங்கல் அடுக்குதலையும் சிமெண்டு நீர் ஊற்றுதலையும் தவிர்க்க. அடிமரத்தைச் சுற்றிக் காரை பூசலாகாது. வேருக்குக் காற்றும் நீரும் செல்லா.

மூன்றாவது, கிளை ஒன்றை நீக்க நேரினும் பொந்தையும் கூட்டையும் பார்த்து, குஞ்சுகள் பறந்து செல்லும்வரை பொறுத்திடுக.

நான்காவது, கண்மாயின் நீர்ப்பிடிப்பில் போடப்பட்ட மனையை மலிவு கருதி வாங்கற்க.

கூட்டில் இருக்கும் குஞ்சுக்கும் நம் குழந்தைக்கும் இல்லம் ஒன்றே தேவை. ஒன்றனை அழித்து மற்றொன்றை எழுப்பாமல் இருக்க இயலுமாயின், அவ்வழியே சாவகர்க்கு உரிய வழி.