கையடக்க இடங்காட்டியும் மலைவழிச் செலவும்

இடமறிதல் வேறு; வழியறிதல் வேறு. இவ்விரண்டினையும் ஒன்றெனக் கொண்டு மலையேறுவோர் பெருந்துன்பத்துக்கு ஆளாவர். ஜி. பி. எஸ். எனப்படும் கையடக்க இடங்காட்டி முன்னையதனைச் செவ்வையாகச் செய்யும். பின்னையதனை நாமே செய்துகொள்ளல் வேண்டும். இவ்வுண்மையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், இக்கருவி தொழிற்படுமாற்றை ஆராய்வாம். நிலத்துக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில், அமெரிக்க அரசினர் நிறுவிய செயற்கைக்கோள்கள் உலகைச் சுற்றி வருகின்றன. அவை ஒவ்வொன்றும் நுண்ணிய கடிகாரங்களைத் தாங்கி, தான் நிற்கும் இடத்தையும் நேரத்தையும் வானொலி அலைகளால் இடையறாது அறிவிக்கின்றது. அவ்வலை வந்து சேரும் காலத்தைக் கொண்டு கருவி தொலைவைக் கணிக்கும். மூன்று கோள்களின் தொலைவு தெரியின் இடம் புலனாம். ஆயினும், கருவியிலுள்ள எளிய கடிகாரத்தின் பிழையை நீக்க நான்காவது கோளும் வேண்டும். ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு கூறு பிழைப்பினும் தொலைவில் 300 மீட்டர் பிழை நேரும் என்பதை நோக்க, அந்நான்காவதன் இன்றியமையாமை விளங்கும்.

நிற்க. இக்கருவியின் பயனையும் குறையையும் ஒருங்கே காண்பதற்கு ஸ்காட்லாந்து நாட்டுப் பென் நெவிஸ் மலை மிகப் பொருத்தமானது. 1,345 மீட்டர் உயரமுள்ள இதுவே பிரிட்டனில் யாவற்றினும் உயர்ந்த சிகரம். இதன் உச்சி அகன்ற கற்பரப்பு. வடபால் ஏறத்தாழ 700 மீட்டர் ஆழ்ந்து வீழும் பாறைச் சுவர் உளது. இறங்கும் வழிக்குத் தென்பால் ‘ஐவிரற் பிளவு’ என்று பொருள்படும் பெயருடைய கொடிய பள்ளம் உளது. மேகம் கவிந்து பனி மூடிய நாளில் வானும் நிலமும் ஒரே வெண்மையாய்த் தோன்ற, அடுத்த அடியில் நிலம் உண்டோ இல்லையோ என்பதும் தெரியாது.

அந்நிலையில் இறங்குவோர்க்கு வழிவழியாகக் கற்பிக்கப்படும் விதி ஒன்று உண்டு. உச்சியிலுள்ள அளவைத் தூணினின்று, நிலப்படத்தின் வடக்கைக் கொண்டு கணித்த 231 பாகைத் திசையில் 150 மீட்டர் செல்க. பின்னர் 282 பாகைக்குத் திரும்புக என்பதே அது. முன்னரே திரும்பின் கார்டிலூ என்னும் பிளவு வாய் திறந்து நிற்கும். திரும்பாது செல்லின் நெவிஸ் பள்ளத்தாக்கின் செங்குத்துச் சரிவு எதிர்ப்படும். உயிர்க்கும் சாவுக்கும் இடையிலுள்ள கணக்கு அந்த 150 மீட்டரேயாம்.

2000-ஆம் ஆண்டு மே மாதம் வரையில், இராணுவக் காரணம் பற்றிப் பொதுமக்களுக்குரிய அலைகளில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. அதனாற் கருவி 100 மீட்டர் அளவும் வழுவக்கூடியதாயிருந்தது. அத்தகைய கருவியை நம்பி 150 மீட்டரை அளத்தல் எங்ஙனம்? அக்கலப்பு நீக்கப்பட்டபின், திறந்த வெளியிற் பிழை பெரும்பாலும் பத்து மீட்டருக்குள் அடங்கலாயிற்று. இஃது அரிய பேறேயாம்.

எனினும், ‘திறந்த வெளியில்’ என்னும் சொல்லை மறத்தலாகாது. பூகோள ஆசிரியர் ஒருவரிடம் இரவல் பெற்ற கருவியொன்றை யாம் எம் கல்லூரித் திடலிற் சோதித்தோம். வெட்டவெளியில் அது செவ்வனே காட்டிற்று. தூங்குமூஞ்சி மரங்களின் அடியில், உயர்ந்த மதிலையொட்டி யாம் அசையாது அமர்ந்திருந்தபோதோ, பதினைந்து மீட்டர் உலாவியதாகக் கோடு வரைந்தது! இலைச்செறிவு அலையைத் தளர்த்தலும், சுவரிற் பட்டுத் திரும்பிய அலை நெடுவழி வந்து சேர்தலுமே காரணம். திடலில் இது நகைப்புக்கு இடம், மலையுச்சியிலோ அன்று.

மற்றொரு பிழை நாமே வருவித்துக்கொள்வது. கருவியின் அளவை முறையும் நிலப்படத்தின் அளவை முறையும் ஒத்திருத்தல் வேண்டும். உலகப் பொது அளவையிற் கண்ட எண்களைப் பிரிட்டனின் பழைய அளவையிற் குறிப்பின், இடம் ஏறத்தாழ 100 மீட்டர் விலகிவிடும். நம் நாட்டிற்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். 1802-ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலையருகே லாம்டன் அளந்த அடிக்கோட்டினின்று வளர்ந்தது இந்தியப் பெருநில அளவை. அதன்வழி வந்த பழைய படங்கள், எவரெஸ்ட் கணித்த புவியுருவத்தைத் தழுவியவை. இக்கருவி இயல்பாகக் கொள்ளும் அளவையைத் தழுவியவையல்ல.

இனி, வழியறிதலுக்கு வருவாம். சேருமிடத்தைக் குறித்தால் கருவி ஓர் அம்பினைக் காட்டும். அவ்வம்பு காக்கை பறக்கும் நேர்கோடே. இடையிலுள்ள பிளவும் பாறையும் அதற்கு ஒரு பொருட்டல்ல. 2021-ஆம் ஆண்டு ஜூலையில், பலரும் பயன்படுத்தும் இணையப் படமொன்று, மலைக்கு அண்மையிலுள்ள வண்டி நிறுத்துமிடத்தினின்று பென் நெவிஸ் உச்சிக்கு இத்தகைய நேர்கோட்டைக் காட்டியது. பாதையே இல்லாத அச்செங்குத்துச் சரிவு உயிர்க்கு ஊறு விளைக்கும் என்று ஜான் மியூர் அறநிலையமும் ஸ்காட்லாந்து மலையேற்றச் சங்கமும் எச்சரித்தன. இடம் சரி, வழி தவறு.

ஆகலின், மலைவழிச் செல்வோர் கடைப்பிடிக்கத்தக்கன இவை: புறப்படுமுன் நிலப்படத்தை விரித்து, திரும்பவேண்டிய இடங்களை ஒவ்வொன்றாகக் கருவியிற் பதிக, அவற்றுள் தொடங்கிய இடமும் ஒன்றாதல் வேண்டும். செல்லுங்கால் கருவியால் இடத்தைத் தெளிந்து, காந்த ஊசியால் திசை பிடித்து, கண்ணால் நிலத்தை நோக்கி நடக்க. குளிரில் மின்கலம் விரைவில் வலியிழக்குமாதலால், மாற்றுக் கலங்களை உடலையொட்டி வைத்துக் காக்க. கைப்பேசியை நம்புவோர், அதன் படத்தை முன்னரே இறக்கி வைத்தல் வேண்டும். மலையிற் தொடர்பு அற்றால் வெறுந்திரையே எஞ்சும்.

இத்துணைச் சிறப்புடைய கருவியிருக்கக் காகிதப் படம் எற்றுக்கு என்று நண்பர் சிலர் எம்மை வினவினர். கருவி ‘நீ இங்கே நிற்கின்றாய்’ என்று மட்டுமே கூறும். ‘மேற்செல்லாதே, திரும்பு’ என்று கூறாது. அதனைக் கூறவேண்டியது படத்தைக் கற்ற நம் அறிவேயாம். அவ்வறிவு கூறும்போது அதற்குச் செவிசாய்த்துத் திரும்புதல் தோல்வியன்று. மலை மற்றொரு நாளும் அங்கேயே நிற்கும்.