மருந்தின் நாலாங் கூறு

நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து அதனை முறையாகக் கொடுப்பவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் திருவள்ளுவர். இவற்றுள் நாலாங் கூறு குறைந்தவிடத்து யாது நிகழும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஊர் வைத்தியசாலைகளிற் சிலர் அடிக்கடி காணப்படுவர். "நேற்றும் வந்தார், இன்றும் வந்துவிட்டார்" என்னும் சலிப்புரை அங்கே எழுவதுண்டு. இஃது எம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய இராச்சியத்திற் பொது மருத்துவர்களின் 2000 முதல் 2019 வரையான பதிவேடுகளை ஆராய்ந்தோர், மிகுதியாக வரும் பத்திலொரு பங்கினரே மருத்துவர் காணும் ஆலோசனைகளில் ஏறத்தாழப் பத்தில் நான்கைப் பெறுகின்றனர் எனக் கண்டனர். இவர்களை மூவகையாகப் பிரித்து நோக்கலாம்.

முதல் வகையினர் நீங்கா நோயுடையோர். நீரிழிவு, உயர் குருதியமுக்கம், ஆஸ்துமா ஆகியவற்றுக்கு எமது அரசாங்கக் கிளினிக்குகளில் மருந்து பெரும்பாலும் ஒரு மாதத்துக்கே வழங்கப்படுவதால், ஆண்டுக்குப் பன்னிரு முறை வருதல் அவர்தம் கடமையாகின்றது. 2020இல் ஊரடங்கு நிலவியபோது தபால் மூலம் மருந்து வீடுதேடிச் சென்றது. வருகைகள் சில மருந்தின் பொருட்டு மட்டுமே நிகழ்ந்தன என்பதை அவ்வாண்டு புலப்படுத்திற்று.

இரண்டாம் வகையினர் ஒருகாலத் துன்பமுடையோர். சத்திரசிகிச்சை, மகப்பேறு, உற்றாரின் மறைவு என்பன ஓராண்டு அவர்களை வைத்தியசாலை வாயிலில் நிறுத்தும். அடிக்கடி வருவோருட் பெரும்பாலோர் பின்வரும் ஆண்டுகளில் அவ்வாறு வருவதில்லை.

மூன்றாம் வகையினரை உணரச் சாட்டிக்குச் செல்வோம். வேலணைத் தீவின் கரையிலமைந்த இவ்வூரவரும் அயலூரவரும் 1990இன் போரில் இடம்பெயர்ந்தனர். பின்னர் மீண்டோர் பலர். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழப் பெற்றோர் மட்டும் இங்கிருக்கும் வீடுகளும் உள. அத்தகைய வீடொன்றில் தனித்திருக்கும் மூதாட்டி ஒருவரை எண்ணிப் பாருங்கள். தலையிடி, கால் விறைப்பு, நித்திரையின்மை, நெஞ்சுப் படபடப்பு எனக் கிழமைதோறும் அவர் வருகின்றார். சோதனைகளில் ஒன்றும் தோன்றவில்லை. "உமக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பப்படுகின்றார். அடுத்த கிழமையும் வருகின்றார். அவர் பொய்யுரைக்கவில்லை. வாயாற் சொல்ல ஆளில்லாத துயரை உடம்பு சொல்லுகின்றது. மைக்கேல் பாலிந்து என்னும் மருத்துவ அறிஞர் 1957இல் வெளியிட்ட நூலில், மருத்துவர் கொடுக்கும் மருந்துகளுள் மருத்துவர் தாமும் ஒன்று என விளக்கினார். அம்மூதாட்டி தேடி வருவதும் அம்மருந்தையே.

இங்கு ஓர் அபாயமும் உண்டு. புலி வருகின்றது என்று பலமுறை கூவிய இடைச் சிறுவனின் கதையை யாவரும் அறிவர். உண்மையிற் புலி வந்த அன்று ஊரார் அசையவில்லை. நாற்பது முறை வெறுங்கையாய்த் திரும்பியவர்க்கு நாற்பத்தோராம் முறை மாரடைப்பே வந்திருத்தல் கூடும். ஆதலின் புதிய நோய்க்குறி எதனையும் புதிதாகவே சோதித்தல் வேண்டும்.

செய்யத்தக்கன சில. இயன்றவரை ஒரே மருத்துவர் பார்த்தல், நோவு வந்தால் மட்டும் வருக என்னாது குறித்த நாளில் வரச்செய்தல், கிளினிக் கொப்பியைப் பேணுதல், "வீட்டில் யார் இருக்கின்றனர்?" என்று ஒருமுறையேனும் கேட்டல். இக்கேள்விக்குச் செலவு யாதுமில்லை. மாத்திரையால் ஆற்ற முடியாத நோயை அதன் விடை காட்டித் தரும்.

பழைய மாணவ அன்பர்களே! நம்முள் மருத்துவர் பலர்; கடல் கடந்து வாழ்வோர் அவரினும் பலர். மருத்துவர்கள் அடிக்கடி வருவோரை வெறுக்காதிருப்பாராக. ஏனையோர் ஊரிலுள்ள தாய் தந்தையர்க்குப் பணம் அனுப்புவதோடு அமையாது, கிளினிக் நாளன்று தொலைபேசியில் நலம் விசாரிப்பாராக. துணைக்குச் செல்ல அயலவர் ஒருவரை ஒழுங்கு செய்வாராக. நாலாங் கூறு நம் கையிலேயே உள்ளது.