குமிழிகள் துலக்கும் கார்புரேட்டர்

பழைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரைப் பிரித்தால் உள்ளே சிறு பித்தளைத் திருகு போன்ற ஓர் உறுப்பைக் காணலாம். அதன் பெயர் ஜெட். இஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் வழங்கும் ஜெட்டில் நடுத்துளையின் விட்டம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். வண்டி பல மாதம் ஓடாமல் நின்றால் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் போன்ற கசடு துளையை அடைத்துவிடும். இரும்புக் கம்பியால் குத்தினால் அடைப்பு நீங்கும். மென்மையான பித்தளையில் துளையும் பெரிதாகும்! பிறகு பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாயும். வண்டி கரும்புகை கக்கும்.

கம்பி இல்லாமலே இந்த வேலையைச் செய்வது மீயொலித் தொட்டி. நம் செவிக்கு எட்டும் ஒலி சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். இத்தொட்டிகள் பெரும்பாலும் 40,000 ஹெர்ட்ஸில் இயங்குகின்றன. தொட்டியின் அடியில் ஒட்டியுள்ள சிறப்புவகைப் பீங்கான் வில்லைகள் மாறுதிசை மின்னழுத்தத்தால் விரிந்து சுருங்கி, நீரை அதிர வைக்கின்றன.

இந்த அதிர்வு அழுக்கை உலுக்கி உதிர்ப்பதாக எண்ணிவிடாதீர்கள். அலையில் அழுத்தம் தாழும்போது நீரில் நுண்குமிழிகள் தோன்றி வளர்கின்றன. அழுத்தம் உயர்ந்ததும் நொறுங்குகின்றன. உலோகப் பரப்பையொட்டி நொறுங்கும் குமிழி எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் சுருங்குவதில்லை. ஒரு பக்கத்து நீர் ஊசிபோலப் பரப்பை நோக்கிப் பாய்கிறது. அழுக்கைப் பெயர்ப்பது இதுவே. கப்பலைச் செலுத்தும் சுழலிகளைக் குமிழிகள் அரிப்பது பொறியாளர்களுக்குப் பெருந்தலைவலியாக இருந்த காலத்தில், 1917-இல், குமிழி நொறுங்கும்போது எழும் அழுத்தத்தை ராலே பிரபு கணக்கிட்டார். அன்று கப்பலைக் கெடுத்த விளைவு இன்று கார்புரேட்டரைத் துலக்குகிறது.

தொட்டி வாங்குவோர் முதலில் பார்க்கவேண்டியது அதிர்வெண். அது குறைந்தால் குமிழி வளர நேரம் கூடும், குமிழி பெரிதாகும், தாக்குதல் வலுக்கும். தடித்த எஃகு உறுப்புகளுக்கு 25 கிலோ ஹெர்ட்ஸ் ஏற்றது. அலுமினியக் கார்புரேட்டருக்கு 40 போதும்.

நீரில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,480 மீட்டர். இதை 40,000-ஆல் வகுத்தால் அலைநீளம் 37 மில்லிமீட்டர். நிலையலையில் அதிர்வு ஓங்கும் இடங்கள் இதில் பாதித் தொலைவில் அமையும். இடையே தாக்குதல் குறையும். ஆகவே உறுப்பை அவ்வப்போது நகர்த்தி வைக்க வேண்டும். மெல்லிய அலுமினியத் தாளை ஒரு நிமிடம் நீரில் தொங்கவிட்டால் அது எங்கெங்கே பொத்தலாகிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

பெட்ரோலையே தொட்டியில் ஊற்றினால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. கூடவே கூடாது! அடியில் மின்சுற்று, மேலே சூடேறும் திரவம், அறை முழுதும் பெட்ரோல் ஆவி. ஒரு பொறி போதும். அலுமினியத்துக்கு ஊறு செய்யாத சலவைத் திரவத்தை நீரில் கலந்தால் போதும். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும். வெப்பநிலை 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் நன்று. கொதிநிலையை நெருங்கினால் குமிழிக்குள் நீராவி நிறைந்து மெத்தைபோல் தாங்கிக்கொள்ளும், தாக்குதல் மங்கும். நீரில் கரைந்துள்ள காற்றும் அப்படித்தான் என்பதால், முதலில் உறுப்புகள் இல்லாமல் சில நிமிடம் இயக்கிக் காற்றை வெளியேற்றுவது வழக்கம்.

ரப்பர் வளையங்களையும் மிதவையையும் கழற்றிவிட்டு, மற்றவற்றைக் கம்பிக்கூடையில் தொங்கவிடுங்கள். தொட்டியின் அடியில் படக்கூடாது. பத்து நிமிடத்தில் எடுத்துப் பாருங்கள். அதிக நேரம் விட்டால் அலுமினியமே அரிக்கப்படும். பிறகு நல்ல நீரில் அலசி, காற்றடித்து உலர்த்தி, ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். துளை முழு வட்டமாகத் தெரிந்தால் மாட்டலாம்.