வெள்ளைக்கழிச்சலும் வீட்டுக் கோழிகளும்

நேமத்தான்பட்டியில் கோழி வளர்க்கும் நாம், கீரிக்கும் பருந்துக்கும் அஞ்சிக் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் அடைக்கிறோம். கீரி கொண்டுபோவது ஒன்றிரண்டுதான். வெள்ளைக்கழிச்சல் வந்தாலோ கூடே காலியாகும், முட்டைக்காசும் போகும். 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கண்டறியப்பட்ட இந்நோய், நம் நாட்டில் இமயமலை ஊரான ராணிக்கெட்டின் பெயரால் வழங்குகிறது. கோழி தூங்கி நிற்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். நச்சுயிரியால் வருவதால் இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆச்சிமார் அரைத்துக் கொடுக்கும் மஞ்சளும் சின்ன வெங்காயமும், சொன்னால் கோபிப்பார்கள், இதற்குப் போதா. குஞ்சுக்கு 7-ஆம் நாள் கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து, 8-ஆம் வாரம் இறக்கையடியில் ஊசி. இரண்டும் நோய் வருமுன் போட வேண்டியவை. கால்நடை மருந்தகத்தில் கேட்போம். சந்தைக் கோழியை இரண்டு வாரம் தனியே கட்டுவோம்; செத்ததைக் கண்மாயில் எறியாமல் சுண்ணாம்பு தூவி ஆழப் புதைப்போம்.