பழைய படகும் புதிய மோட்டாரும்

வைகை அணை 1959-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபின், ஆண்டிபட்டிப் பக்கத்து மக்களுக்கு உழவோடு நீர்த்தேக்க மீன்பிடிப்பும் ஒரு பிழைப்பாயிற்று. இத்தொழிலுக்குப் பரிசலே பெருந்துணை. ஆயினும், “இராமநாதபுரம் கரையில் பழைய பைபர் படகு ஒன்று விலைக்கு வருகிறது, மோட்டார் வாங்கி இரண்டே வருடம், வாங்கலாமா?” என்று நம்மிடம் கேட்பவரும் உண்டு. அவர்கள் மோட்டாரின் பெருமையையே பேசுவர். படகைப் பற்றி நாம் கேட்டாலோ, “கொஞ்சம் அடிபட்டிருக்கிறது, பூசிக்கொள்ளலாம்” என்பர். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பதுதான் இங்கே ஆராய வேண்டிய பொருள். வீட்டு நகையை அடகு வைத்து வாங்கும் படகென்றால் இந்த ஆராய்ச்சி இன்னும் அவசியமாகிறது.

முதலில் இரண்டையும் பிரித்து விலை மதிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, இரண்டுக்கும் சேர்த்து 1,20,000 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அத்தகைய மோட்டார் தனியே 80,000 ரூபாய்க்குக் கிடைக்குமாயின், படகின் விலை 40,000 ரூபாய். அதனோடு பழுது பார்க்கும் கூலியையும் லாரி வாடகையையும் கூட்டிப் பார்த்தால், நல்ல படகொன்றின் விலையை அது நெருங்கிவிடுவதைக் காணலாம். மோட்டார் நடுநீரில் நின்றால் துடுப்புப் போட்டுக் கரை சேரலாம். படகின் அடி விட்டால் மோட்டாரும் உடன் மூழ்கும். ஆகவே, மோட்டாரே இல்லையென்று எண்ணிக்கொண்டு படகை மட்டும் சோதிப்பதே முறை.

பைபர் படகின் நோய் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. புதிதாக வண்ணம் பூசியிருந்தால் மகிழ வேண்டாம். ஏன் பூசினார் என்று கேளுங்கள். கத்திப் பிடியால் அடிப்பாகம் முழுதும் தட்டி வருக. ஓசை கணீரென்று வந்துகொண்டிருந்து ஓரிடத்தில் மட்டும் மந்தமாக ஒலித்தால், அங்கே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அல்லது நீர் புகுந்திருக்கலாம். மோட்டார் மாட்டும் பின்பலகையே யாவற்றினும் பிரதானமானது. பல படகுகளில் அதனுள்ளே மரப்பலகை வைத்து மேலே நாரிழை பூசியிருப்பர். ஆணித் துளை வழியே நீர் இறங்கினால் மேலே பளபளப்பு இருக்க, உள்ளே மரம் இற்றுப்போகும். மோட்டாரின் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பலகையும் உடன் அசையுமாயின், அந்தப் படகை அந்நிலையில் வாங்கலாகாது. பழைய மோட்டாரை எடுத்துவிட்டு அதனினும் கனமும் வலிவும் மிக்க புதிய மோட்டாரை மாட்டிய படகுகளில் இச்சோதனையை ஒருபோதும் விடக்கூடாது.

பிறகு எடையைக் கவனிக்க வேண்டும். முன்பு எத்தனை பேர் தூக்கிக் கரையேற்றினர், இன்று எத்தனை பேர் வேண்டியிருக்கிறது என்று அக்கரைப் பிள்ளைகளைக் கேட்டாலே போதும். மிதப்புக்காக உள்ளே அடைத்த பொருள் நீரை உறிஞ்சியிருந்தால் படகு கனத்துப்போகும். இன்னொரு நுட்பமும் உண்டு. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. ஆதலால் கடலில் ஒரு சுமையுடன் மிதந்த படகு, அதே சுமையுடன் வைகை நீர்த்தேக்கத்தில் சற்று ஆழ்ந்தே நிற்கும். மரப்படகாயின், நன்னீரிலும் மழைநீரிலும் மரம் விரைவாக உளுத்துப்போவதையும் நினைவிற் கொள்க.

மோட்டாருக்கு வருவோம். நாம் போகுமுன் அதை ஓட்டிச் சூடேற்றி வைக்கவேண்டாமென்று சொல்லிவிட வேண்டும். குளிர்ந்த நிலையில் கிளம்புகிறதா என்பதே சோதனை. ஓடும்போது குளிர்விக்கும் நீர் தாரையாக வெளிவர வேண்டும். கியர் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்த்து, பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டதென்று அறியலாம். உப்பரிப்பு மூடியைக் கழற்றினால்தான் தெரியும்.

நம் பள்ளத்தாக்கின் மேற்கே தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று ‘ஜலகன்யகா’ என்னும் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். அது பழம்படகன்று, புதியது. படகின் சமநிலைக் குறைபாடும் அளவுக்கு மிஞ்சிய ஆட்களும் காரணங்களாகக் கூறப்பட்டன. ஆகவே பழைய படகென்றாலும் புதிய படகென்றாலும், நீரில் இறக்கி, இருவர் ஒரே ஓரத்தில் நின்று பார்க்காமல் விலை பேசக்கூடாது. ஓரிரவு வெறுமனே மிதக்கவிட்டு, காலையில் உள்ளே ஊறியிருக்கும் நீரையும் அளந்து பார்ப்பது நன்று.

இவை யாவற்றிலும் தேறினாலும், நம் நீர்த்தேக்கத்துக்கு அது ஏற்றதா என்பது தனிக் கேள்வி. கோடையில் நீர் உள்வாங்கும்போது கரைக்கும் நீருக்கும் இடையே நெடுந்தூரம் சேறு கிடக்கும். பரிசலை ஓராள் தலையில் சுமந்து சென்றுவிடுவார்; மோட்டார்ப் படகை இழுக்க ஊரையே கூப்பிட வேண்டும். வருடத்தில் எத்தனை மாதம் ஓடும் என்று கணக்கிட்டால், எரிபொருட் செலவுக்கே சிலருக்கு மீன் போதாது. தனியொருவருக்குப் பரிசலே மேல் என்பது நம் கருத்து. நான்கைந்து பேர் பங்கு சேர்ந்து, தொலைவில் விரித்த வலைகளை ஒரே சுற்றில் எடுத்து வருவதாயின் படகைப் பற்றி யோசிக்கலாம்.

முன்பணம் கொடுக்குமுன், பதிவுச் சீட்டில் உள்ள பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா, மோட்டாரின் எண் சீட்டோடு ஒத்திருக்கிறதா, மானியத்தில் பெற்றதாயின் விற்கும் உரிமை உண்டா என்று பார்க்க வேண்டும். கடற்பதிவு இருப்பதாலேயே அணையில் ஓட்டலாம் என்றாகிவிடாது. உள்நாட்டு நீர்நிலைகளில் ஓடும் இயந்திரக் கலங்களுக்கு 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021-ஆம் ஆண்டில் புதிய சட்டம் வந்துள்ளது. அணையில் மோட்டார்ப் படகு விட அனுமதி கிடைக்குமா என்பதை மீன்வளத்துறை, நீர்வளத்துறை அலுவலகங்களில் எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெற்ற பின்னரே லாரிக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.